மார்பக ஊடுகதிர்ப்படம்

மார்பக ஊடுகதிர்ப்படம் அல்லது மேமோகிராம் என்பது குறைந்த ஆற்றல் கொண்ட எக்சு-கதிர்களைப் பயன்படுத்தி மார்பகத்தின் உட்புறத்தைப் படம் எடுக்கும் மருத்துவ முறை ஆகும். கைக்குத் தட்டுப்படாத அளவில் உள்ள மார்பகப் புற்றுநோயைக் கண்டறிவதற்கு இது பெரிதும் பயன்படுகின்றது. உலக அளவில் 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. 6,70,000 பேர் இறந்தனர். அதே ஆண்டில் இந்தியாவில் ஏறத்தாழ 1,92,000 பேருக்குப் புதிதாக இந்நோய் கண்டறியப்பட்டதாகவும் 98,000 பேர் இறந்ததாகவும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிட்டுள்ளது. உலகக் கணக்கில் மூன்று நோயாளிகளுக்கு ஓர் இறப்பு என்றும் குறைவாகவும், இந்தியக் கணக்கில் இரண்டு நோயாளிகளுக்கு ஓர் இறப்பு என்றும் இருப்பது கவனிக்கத்தக்கது. நோய் முற்றிய பின்னரே பலர் மருத்துவரிடம் செல்வது இவ்வேறுபாட்டுக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று.

இப்பரிசோதனை இரண்டு வேறுபட்ட நோக்கங்களுக்காகச் செய்யப்படுகின்றது. எந்த அறிகுறியும் இல்லாத பெண்களுக்குக் குறிப்பிட்ட வயதுக்குப் பின் குறிப்பிட்ட கால இடைவெளியில் செய்யப்படுவது முன்பரிசோதனை. கட்டி, காம்பிலிருந்து நீர் அல்லது குருதி வடிதல், தோல் சுருங்குதல் போன்ற அறிகுறி உள்ளவர்களுக்குச் செய்யப்படுவது நோயறி பரிசோதனை. கருவி ஒன்றே எனினும் இவ்விரண்டும் ஒன்றல்ல. அறிகுறி உள்ள ஒருவர் முன்பரிசோதனை முகாம் வரும்வரை காத்திருப்பது தவறாகும்.

பெயர்

மேமோகிராம் என்னும் சொல், முலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லையும், எழுதப்பட்டது என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லையும் சேர்த்து உருவானது. தமிழில் முலை என்பது சங்க காலம் முதல் வழங்கிவரும் இயல்பான சொல்லாயினும் தற்காலத்தில் அது பொதுவிடங்களில் தவிர்க்கப்பட்டு, மார்பகம் என்னும் சொல் மருத்துவ எழுத்தில் நிலைபெற்றுள்ளது. பேச்சு வழக்கில் பெண்கள் "மாருல கட்டி" என்றோ, பல நேரங்களில் வெறுமனே "நெஞ்சுல ஏதோ" என்றோ சொல்வர். இரண்டாவது வகைச் சொல்லாடல் மருத்துவமனைச் சீட்டு பதியும் இடத்தில் நெஞ்சுவலி என்று புரிந்துகொள்ளப்பட வாய்ப்புண்டு. ஆகவே சொல் குறித்த கூச்சம் மொழிச் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. ஊர்ப்புறங்களில் இப்பரிசோதனை "மார்பு ஸ்கேன்" என்றும் அழைக்கப்படுகின்றது. எனினும் ஸ்கேன் என்பது பொதுவாக மீயொலிப் படத்தைக் குறிப்பதால், எது எடுக்கப்பட்டது என்பதை அறிக்கையைப் பார்த்தே உறுதி செய்தல் நன்று.

வரலாறு

பெர்லின் நகர அறுவை மருத்துவரான ஆல்பர்ட் சாலமன், அறுவை செய்து அகற்றப்பட்ட ஏறத்தாழ 3,000 மார்பகங்களை எக்சு-கதிர்ப் படம் எடுத்து 1913இல் வெளியிட்ட ஆய்வே இத்துறையின் தொடக்கமாகக் கருதப்படுகின்றது. புற்றுக்கட்டிகளில் நுண்ணிய வெண்புள்ளிகள் காணப்படுவதை அவர் குறிப்பிட்டார். அவை சுண்ணாம்புச் சத்துப் படிவுகள் ஆகும். உயிருடன் உள்ளவர்களிடம் இம்முறையை அமெரிக்காவின் இசுட்டாஃபோர்டு வாரன் 1930இல் பயன்படுத்தினார். உருகுவே நாட்டின் ரவுல் லெபோர்ன் 1949 அளவில் மார்பகத்தை அழுத்தி எடுத்தால் படம் தெளிவாக இருப்பதைக் காட்டினார். 1960இல் இராபர்ட் ஈகன் என்பவர் யார் எடுத்தாலும் ஒரே தரத்தில் படம் கிடைக்கும்படி நடைமுறையை வரையறுத்தார். அதுவரை பொதுவான எக்சு-கதிர்க் கருவியே பயன்பட்டது. மார்பகத்துக்கென்றே தனிக்கருவி 1960களின் நடுப்பகுதியில் பிரான்சின் சார்லசு குரோ முயற்சியால் உருவானது.

கருவி உருவாவதற்கு முன்பே, இம்முறை உயிரைக் காக்குமா என்னும் கேள்வி எழுப்பப்பட்டிருந்தது. நியூயார்க்கில் 1963இல் தொடங்கிய ஆய்வில் 40 முதல் 64 வயதுடைய ஏறத்தாழ 62,000 பெண்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். இதனை முன்னெடுத்தவர்களுள் ஒருவரான மருத்துவர் பிலிப் இசுட்ராக்சின் மனைவி இளம் வயதிலேயே மார்பகப் புற்றுநோயால் இறந்தவர். பத்தாண்டுகளுக்குப் பின் பரிசோதனைக் குழுவில் இந்நோயால் ஏற்பட்ட இறப்பு மற்றக் குழுவினும் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைவாக இருந்தது. இவ்வாய்வில் பெண்களுக்கு ஊடுகதிர்ப்படத்துடன் மருத்துவரின் கைப்பரிசோதனையும் செய்யப்பட்டது என்பதைப் பல நூல்கள் சொல்லாமல் விட்டுவிடுகின்றன. இந்தியச் சூழலில் இத்தகவல் முக்கியமானது. காரணம் பின்னர்க் கூறப்படும்.

பிரித்தானியா 1988இல் நாடு தழுவிய இலவசத் திட்டத்தைத் தொடங்கியது. 2000இல் அமெரிக்காவில் எண்ணிமக் கருவி ஒப்புதல் பெற்றது. பல கோணங்களில் எடுத்த படங்களைக் கணினி வழியே அடுக்கடுக்காகப் பிரித்துக் காட்டும் முப்பரிமாண முறை 2011இல் அங்கு ஒப்புதல் பெற்றது.

இயங்கும் முறை

மார்பகத்தைப் படம் எடுப்பது எலும்பைப் படம் எடுப்பதினும் கடினமானது. எலும்புக்கும் தசைக்கும் இடையே அடர்த்தி வேறுபாடு மிகுதி. எனவே சாதாரணக் கருவியே போதும். மார்பகத்தில் இருப்பவை கொழுப்பு, பால் சுரப்பித் திசு, இழைத் திசு ஆகியவை மட்டுமே. இவற்றிற்கும் புற்றுக்கட்டிக்கும் இடையே எக்சு-கதிரை உறிஞ்சுவதில் உள்ள வேறுபாடு மிகச் சிறிது. கதிரின் ஆற்றல் கூடக்கூட இச்சிறு வேறுபாடும் மறைந்துவிடும். ஆற்றல் குறைந்த கதிரில் இவ்வேறுபாடு பெருகித் தெரியும். ஆனால் ஆற்றல் மிகவும் குறைந்துவிட்டால் கதிர் மறுபுறம் வந்து சேராமல் உடலிலேயே தங்கி, பயனின்றிக் கதிர்வீச்சு அளவை மட்டும் கூட்டும். ஆகவே மிகக் குறுகிய ஓர் ஆற்றல் இடைவெளியே பயன்படத்தக்கது.

நெஞ்சுக்கூட்டுப் படத்துக்கு 100 கிலோவோல்ட்டுக்கும் மேல் பயன்படும் நிலையில் இங்கு 25 முதல் 35 கிலோவோல்ட்டு வரையே பயன்படுகின்றது. பழைய கருவிகளில் எக்சு-கதிரை உண்டாக்கும் இலக்கு மாலிப்டினம் என்னும் உலோகத்தால் ஆனது. அது 17.5, 19.6 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டு ஆகிய இரு ஆற்றல்களில் மிகுதியான கதிரைத் தரும். மார்பகப் படத்துக்கு வேண்டியதும் ஏறத்தாழ அதுவே. மேலும் அதே மாலிப்டினத்தின் மெல்லிய தகட்டை வடிகட்டியாக வைத்தால் 20 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டுக்கு மேற்பட்ட கதிர்களை அது உறிஞ்சிக்கொண்டு தன் சொந்தக் கதிர்களை மட்டும் பெரிதும் விட்டுவிடும். ஒரே உலோகம் விளக்காகவும் சல்லடையாகவும் அமைவது பொறியியல் நோக்கில் அழகான தீர்வு எனலாம். தற்கால எண்ணிமக் கருவிகளில் தங்குதன் இலக்கும், ரோடியம் அல்லது வெள்ளி வடிகட்டியும் பரவலாகப் பயன்படுகின்றன.

மார்பகம் நெஞ்சுச் சுவரை ஒட்டிய பகுதியில் தடிப்பாகவும் காம்பருகே மெலிந்தும் இருக்கும். எக்சு-கதிர்க் குழாயிலிருந்து வரும் கதிரும் எல்லாத் திசையிலும் ஒரே செறிவுடன் இருப்பதில்லை. எதிர்மின்வாய்ப் பக்கத்தில் செறிவு மிகுதி. பிற படங்களில் இது ஒரு குறை. இங்கோ செறிவு மிக்க பக்கத்தை நெஞ்சுச் சுவரை நோக்கித் திருப்பி அக்குறையையே பயனாக்கிக் கொள்கின்றனர்.

கண்டறிய வேண்டிய சுண்ணாம்புப் புள்ளிகள் அரை மில்லிமீட்டருக்கும் சிறியவை. எனவே கதிர் தோன்றும் புள்ளியும் சிறிதாக, ஏறத்தாழ 0.3 மில்லிமீட்டர் அளவில், அமைக்கப்படும். உருப்பெருக்கிப் படம் எடுக்கும்போது இது 0.1 மில்லிமீட்டர் ஆகக் குறைக்கப்படும்.

அழுத்துதல் ஏன்?

இப்பரிசோதனை பற்றிய அச்சத்துக்கு முதற்காரணம், ஒளி ஊடுருவும் நெகிழித் தட்டு ஒன்றினால் மார்பகத்தை அழுத்துவதாகும். அழுத்துவதனால் மார்பகத்தின் தடிப்பு குறைகின்றது. ஆகவே குறைந்த கதிரே போதுமானதாகின்றது. ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் திசுக்கள் விரிந்து பரவுவதால் ஒன்று மற்றொன்றை மறைப்பது குறைகின்றது. சிதறும் கதிர் குறைவதால் படம் கலங்குவதில்லை. மூச்சு விடுவதனாலும் உடல் அசைவதனாலும் படம் மங்குவதில்லை. அழுத்தம் ஒரு படத்துக்குச் சில விநாடிகளே நீடிக்கும். இது நோவை உண்டாக்கலாம், அது உண்மையே. ஆனால் அழுத்துவதனால் கட்டி உடைந்து பரவும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. நோவு தாங்கவியலாததாக இருந்தால் படம் எடுப்பவரிடம் சொல்லலாம். அவர் தட்டைச் சற்றுத் தளர்த்துவார்.

கதிர்வீச்சின் அளவு

இரு மார்பகங்களுக்கும் சேர்த்து நான்கு படங்கள் எடுக்கும்போது உடல் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.4 மில்லிசீவர்ட்டு ஆகும். மண், காற்று, உணவு, வான்கதிர் ஆகியவற்றிலிருந்து ஒரு மனிதர் பெறும் இயற்கைக் கதிர்வீச்சின் உலகச் சராசரி ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட்டு. அதாவது இப்பரிசோதனையின் அளவு இரண்டு மாத இயற்கைக் கதிர்வீச்சுக்குச் சமம். மோனசைட்டு மணல் மிகுந்த கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் இயற்கை அளவே இதனினும் கூடுதல். எனினும் தேவையின்றி இளம் வயதில் மீண்டும் மீண்டும் எடுப்பது பரிந்துரைக்கப்படுவதில்லை. இந்தியாவில் இக்கருவிகள் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதியுடனேயே இயக்கப்பட வேண்டும்.

படம் எடுக்கும் நடைமுறை

மாதவிடாய் உள்ள பெண்கள், மாதவிடாய் முடிந்ததை அடுத்த வாரத்தில் செல்வது நன்று. அப்போது மார்பகத்தில் வீக்கமும் நோவும் குறைவாக இருக்கும். கருவுற்றிருந்தாலோ, கருவுற்றிருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தாலோ முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

அன்று அக்குளிலும் மார்பிலும் முகப்பவுடர், வாசனைத் திரவம், களிம்பு முதலியன பூசக்கூடாது. இவற்றில் உள்ள தாதுப் பொருட்கள் படத்தில் சுண்ணாம்புப் புள்ளிகளைப் போலவே தோன்றி, இல்லாத நோயை இருப்பதாகக் காட்டிவிடும். இடுப்புக்கு மேலுள்ள ஆடையை மட்டும் அகற்ற வேண்டியிருப்பதால் முழு நீள அங்கியை விடச் சேலை-இரவிக்கையோ, தனித்தனியான மேல், கீழ் ஆடையோ வசதியானது. கழுத்தில் உள்ள உலோகம் எதுவாயினும் படத்தில் வெண்ணிழலாக விழும். தாலியைக் கழற்ற வேண்டுமே என்ற தயக்கத்தால் பரிசோதனையையே தவிர்ப்போர் உண்டு. வெறும் நூல் சரடு கதிரை மறைப்பதில்லை. பொன்னாலான பகுதியே மறைக்கும். அதனை முதுகுப்புறம் தள்ளிப் படப்பரப்புக்கு வெளியே நிறுத்த முடிந்தால் போதும். இதனைக் கூச்சமின்றிக் கேட்கலாம். படம் எடுப்பவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்றும் கேட்கலாம்.

ஒவ்வொரு மார்பகத்துக்கும் மேலிருந்து கீழாக ஒன்றும், அக்குள் வரை தெரியும்படி சாய்வாக ஒன்றும் என இரு படங்கள் எடுக்கப்படும். சாய்வுப் படம் எடுக்கும்போது கையைக் கருவியின் மேல் வைத்து, தோளைத் தளர்த்தி நிற்க வேண்டும். ஆடை மாற்றும் நேரத்தையும் சேர்த்து எல்லாம் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். முன்பு எடுத்த படங்கள் இருந்தால் கட்டாயம் கொண்டு செல்ல வேண்டும். புதிய படத்தை மட்டும் பார்ப்பதைவிடப் பழையதோடு ஒப்பிடுவது பன்மடங்கு பயன் தரும்.

அறிக்கையைப் படித்தல்

அறிக்கைகள் பெரும்பாலும் பைராட்சு என்னும் அமெரிக்கக் கதிரியல் கல்லூரியின் வகைப்பாட்டைப் பின்பற்றும். இதில் 0 முதல் 6 வரை எண்கள் உள்ளன. 0 என்றால் நோய் இல்லை என்று பலர் தவறாக எண்ணி வீட்டுக்குத் திரும்பிவிடுகின்றனர். உண்மையில் 0 என்பது முடிவு சொல்ல இப்படம் போதவில்லை, மேலும் பரிசோதனை தேவை என்று பொருள்படும். 1 என்பதே இயல்பு நிலை. 2 தீங்கற்றது. 3 பெரும்பாலும் தீங்கற்றது. பொதுவாக ஆறு மாதங்களில் மீண்டும் பார்க்க வேண்டும். 4, 5 ஆகியவற்றுக்குத் திசு எடுத்துச் சோதிக்க வேண்டும். 6 என்பது முன்பே புற்றுநோய் என உறுதி செய்யப்பட்ட நிலை.

இதே அறிக்கையில் மார்பக அடர்த்தியும் குறிக்கப்படும். படத்தில் சுரப்பித் திசு வெண்மையாகத் தெரியும். புற்றுக்கட்டியும் வெண்மையாகவே தெரியும். அடர்த்தி மிகுந்த மார்பகத்தில் கட்டியைத் தேடுவது வெண்மேகத்தில் வெண்கொக்கைத் தேடுவது போன்றது. இளம் பெண்களிடம் அடர்த்தி மிகுதி. ஆகையால் ஏறத்தாழ 30 வயதுக்குக் குறைந்தவர்களிடம் கட்டி தென்பட்டால் முதலில் மீயொலிப் படமே எடுக்கப்படுகின்றது. 49,500 பெண்களிடம் நடத்தப்பட்டு 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு, 50 வயதுக்குக் குறைந்தோரிடமும் அடர்ந்த மார்பகம் உள்ளோரிடமும் பழைய பிலிம் முறையைவிட எண்ணிம முறை சிறப்பாகக் கண்டறிந்ததைக் காட்டியது.

ஊடுகதிர்ப்படம் புற்றுநோயை உறுதி செய்வதில்லை. ஐயத்தை மட்டுமே எழுப்பும். உறுதி செய்வது ஊசி மூலம் எடுக்கப்படும் திசுவின் நுண்ணோக்கிச் சோதனையே. ஊசி குத்தினால் புற்று பரவிவிடும் என்ற நம்பிக்கை தமிழ்நாட்டில் ஆழமாக வேரூன்றியுள்ளது. இது தவறான நம்பிக்கை. நோயை உறுதி செய்யாமல் காலம் கடத்துவதே அபாயம். மறுபுறம், கையில் தெளிவாகக் கட்டி இருந்து ஊடுகதிர்ப்படம் இயல்பு என வந்தாலும் அக்கட்டியைப் புறக்கணிக்கக்கூடாது. இப்பரிசோதனை சில புற்றுகளைத் தவறவிடும்.

சில முகாம்களில் வெப்பப் படமுறை என்னும் கதிரற்ற, அழுத்தமற்ற சோதனை செய்யப்படுகின்றது. இது ஊடுகதிர்ப்படத்துக்கு மாற்றாகாது என அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் எச்சரித்துள்ளது.

நன்மையும் தீமையும்

முன்பரிசோதனை எவ்வளவு பயன் தருகின்றது என்பதில் அறிஞரிடையே நெடுங்காலமாகக் கருத்து வேறுபாடு உண்டு. பிரித்தானியாவில் 2012இல் சர் மைக்கேல் மார்மட் தலைமையிலான தனிக்குழு கிடைத்த சான்றுகளை எல்லாம் ஆராய்ந்தது. 50 வயது முதல் இருபது ஆண்டுகள் அழைக்கப்படும் 10,000 பெண்களுள் 43 பேர் மார்பகப் புற்றுநோயால் இறப்பது தவிர்க்கப்படும் என்றும், 129 பேருக்கு வாழ்நாளில் எத்தொல்லையும் தந்திருக்காத புற்று கண்டறியப்பட்டு, அவர்கள் தேவையற்ற சிகிச்சை பெறுவர் என்றும் அது மதிப்பிட்டது. ஓர் உயிருக்கு மூன்று மிகைக் கண்டறிதல் என இது சுருக்கிக் கூறப்படுவதுண்டு. எந்தப் புற்று வளரும், எது வளராது என்று முன்கூட்டி அறிய வழி இல்லாததே இச்சிக்கலின் வேர்.

பொய்யான எச்சரிக்கையும் உண்டு. அமெரிக்க நிலவரப்படி 1,000 பெண்களுக்குப் படம் எடுத்தால் ஏறத்தாழ 100 பேர் மேலும் சோதனைக்கு அழைக்கப்படுகின்றனர். அவர்களுள் ஏறத்தாழ 5 பேருக்கே புற்று இருக்கின்றது. எஞ்சிய 95 பேருக்கு அச்சமும் அலைச்சலும் மிஞ்சுகின்றன. நாள் கூலி வேலைக்குச் செல்லும் ஒருவருக்கு அலைச்சல் என்பது சிறு சொல் அன்று.

எவ்வயதில் தொடங்குவது என்பதும் மாறி வந்துள்ளது. அமெரிக்கத் தடுப்புப் பணிக்குழு 2009இல் 50 வயது முதல் என்றது. 2024இல் 40 முதல் 74 வயது வரை ஈராண்டுக்கு ஒருமுறை என மாற்றியது. தாய், உடன்பிறந்தாள், மகள் ஆகியோருள் எவருக்கேனும் இந்நோய் இருந்தவர்கள் இப்பொது விதிகளை நம்பி இராமல் தம் மருத்துவரிடம் தனியே கேட்டறிதல் வேண்டும்.

இந்தியாவில்: கருவியா, கையா?

இந்தியாவில் எல்லாப் பெண்களையும் ஊடுகதிர்ப்படத்துக்கு அழைக்கும் அரசுத் திட்டம் இல்லை. இதற்குச் செலவு மட்டும் காரணம் அன்று. மேலை நாடுகளைவிட ஏறத்தாழ பத்தாண்டுகள் முன்னதாகவே இங்கு இந்நோய் மிகுதியாகத் தோன்றுகின்றது. அவ்வயதில் மார்பக அடர்த்தி மிகுதியாதலால் கருவியின் திறன் குறைகின்றது. படத்தைப் படிக்கப் பயிற்சி பெற்ற கதிரியல் மருத்துவர்களும் போதிய அளவில் இல்லை. கருவி கண்டுபிடிக்கும் நுண்புள்ளியை உறுதி செய்து சிகிச்சை தரும் அமைப்பு இல்லாவிடில் கண்டுபிடிப்பதனால் மட்டும் பயன் இல்லை. நலிந்த மருத்துவ அமைப்புள்ள நாடுகளில் ஊடுகதிர்ப்பட முன்பரிசோதனை செலவுக்கேற்ற பயன் தராது என்றும், அறிகுறி உள்ளவரை விரைவில் கண்டறிவதே முதல் வேலை என்றும் உலக சுகாதார அமைப்பு 2014இல் அறிவித்தது.

இதற்கு மாற்றான கைப்பரிசோதனை பற்றிய மிகப் பெரிய சான்று மும்பையிலிருந்து கிடைத்துள்ளது. டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில் 35 முதல் 64 வயது வரையிலான 1,51,538 பெண்கள் இடம்பெற்றனர். மருத்துவர் அல்லாத, பயிற்சி தரப்பட்ட பெண் நலப் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்தனர். மருத்துவர் இந்திரனீல் மித்ராவும் குழுவினரும் 2021இல் இருபதாண்டு முடிவுகளை வெளியிட்டனர். முற்றிய நிலையில் கண்டறியப்பட்டவர்கள், பரிசோதனை செய்யப்படாத குழுவில் 47 விழுக்காடு. செய்யப்பட்ட குழுவில் 37 விழுக்காடு. 50 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. 50க்குக் கீழ்ப்பட்டவர்களிடம் இறப்பு குறையவில்லை. எல்லா வயதையும் சேர்த்துப் பார்த்தால் 15 விழுக்காடு குறைவு தெரிந்தாலும் அது புள்ளியியல் நோக்கில் உறுதியானது அன்று. ஆய்வின் இந்தப் பகுதியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெண்கள் தாமே கையால் பார்த்துக்கொள்வது இதனின் வேறானது. சீனாவின் சாங்காய் நகரில் 2,66,000 பெண் நெசவாலைத் தொழிலாளர்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான ஆய்வில், சுயபரிசோதனை கற்பிக்கப்பட்டதனால் இறப்பு குறையவில்லை. எனினும் தம் மார்பகத்தின் இயல்பை அறிந்திருந்து, மாற்றம் தெரிந்தவுடன் காட்டுவது நன்று என்பதில் மாற்றுக் கருத்து இல்லை.

இந்திய அரசு 2016இல் வெளியிட்ட நடைமுறை வழிகாட்டல், 30 முதல் 65 வயதுப் பெண்களுக்கு ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை பயிற்சி பெற்ற பணியாளரின் கைப்பரிசோதனையைப் பரிந்துரைக்கின்றது. இலங்கையில் 1996இல் தொடங்கப்பட்ட நலமகளிர் சிகிச்சை நிலையங்களும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. ஆனால் தாளில் உள்ளதற்கும் நடப்பதற்கும் இடைவெளி பெரிது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 30-49 வயதுப் பெண்களுள் ஒருமுறையேனும் மார்பகப் பரிசோதனை செய்துகொண்டவர்கள் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறத்தாழ ஆறு பேர். ஒப்பீட்டளவில் இது உயர்வு எனினும் மெச்சத்தக்க எண் அன்று.

தமிழ்நாட்டில்

தமிழ்நாட்டின் புற்றுநோய் மருத்துவம் ஒரு தனிப்பட்ட இழப்பிலிருந்து பிறந்தது. மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர். அவரது முயற்சியால் 1954இல் சென்னை அடையாறு புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியது. 1955இல் அங்குச் சேர்ந்த மருத்துவர் வி. சாந்தா, 2021 சனவரியில் மறையும் வரை அதனுடனேயே இருந்தார். அந்நிறுவனம் 1980களின் தொடக்கம் முதல் நடத்திவரும் சென்னைப் புற்றுநோய்ப் பதிவேட்டின் மூலமே இம்மாநிலத்தில் நோயின் போக்கு தெரிகின்றது. தொடக்கத்தில் சென்னைப் பெண்களிடம் கருப்பைவாய்ப் புற்றுநோயே முதலிடத்தில் இருந்தது. 2000களில் மார்பகப் புற்றுநோய் அதனை முந்திவிட்டது.

தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் 2007இல் கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான முன்பரிசோதனை சோதனை முறையில் தொடங்கியது. 2012 முதல் மார்பகக் கைப்பரிசோதனையையும் சேர்த்து மாநிலம் முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இத்திட்டம் விரிவாக்கப்பட்டது. 2021 ஆகத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் தொடங்கியது. 2023 நவம்பரில் ஈரோடு, இராணிப்பேட்டை, திருப்பத்தூர், கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களில் வாய், மார்பகம், கருப்பைவாய் ஆகிய மூன்று புற்றுநோய்களுக்கும் ஒருங்கிணைந்த பரிசோதனை தொடங்கப்பட்டது. சிகிச்சைச் செலவைப் பொறுத்தவரை 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி 2012இல் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாற்றியமைக்கப்பட்ட திட்டம் புற்றுநோய்க்கும் பொருந்தும்.

மீன்சுருட்டியிலிருந்து

இவையெல்லாம் ஒரு சிற்றூரில் எவ்வாறு பொருந்துகின்றன என்பதற்கு அரியலூர் மாவட்டத்தின் மீன்சுருட்டியை எடுத்துக்கொள்ளலாம். செயங்கொண்டம் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த இவ்வூர், கங்கைகொண்ட சோழபுரத்துக்கு அருகே, விக்கிரவாண்டியிலிருந்து நெய்வேலி, சேத்தியாத்தோப்பு, அணைக்கரை வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் செல்லும் தேசிய நெடுஞ்சாலை 36இல் அமைந்துள்ளது. சுற்றிலும் முந்திரித் தோப்புகளும் நெல் வயல்களும் உள்ளன. பெண்களுள் பலர் விவசாயக் கூலிகள்.

இங்குள்ள ஒரு பெண்ணுக்கு முதல் வாயில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஆகும். ஊடுகதிர்ப்படக் கருவி ஆரம்ப சுகாதார நிலைய அளவில் வைக்கப்படும் கருவி அன்று. அங்குக் கிடைக்கக்கூடியது செவிலியரின் கைப்பரிசோதனை. சிறிது நேரத்தில் முடிவது, கட்டணம் இல்லாதது. சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரை வாங்கச் செல்லும் நாளிலேயே இதனையும் கேட்டுச் செய்துகொள்ளலாம். இதற்கென்று தனியே ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியதில்லை.

கட்டி தென்பட்டால் பயணம் தொடங்குகின்றது. மேற்கே செயங்கொண்டம் அரசு மருத்துவமனை. அதற்கு அப்பால் மாவட்டத் தலைநகரில், 2022 சனவரியில் திறக்கப்பட்ட அரியலூர் அரசு மருத்துவக் கல்லூரி. அதற்கு முன்பு மருத்துவக் கல்லூரி நிலைச் சிகிச்சைக்கு இவ்வட்டாரத்தினர் மாவட்டத்தை விட்டு வெளியே செல்ல வேண்டியிருந்தது. தெற்கே கொள்ளிடத்தைக் கடந்தால் கும்பகோணம், அதற்கு அப்பால் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி, கிழக்கே சிதம்பரம், வடகிழக்கே புதுச்சேரி சிப்மர் மருத்துவமனையின் வட்டாரப் புற்றுநோய் மையம். நெடுஞ்சாலையில் இருப்பதால் பேருந்து வசதி உண்டு. எனினும் புறநோயாளர் சீட்டு காலையில் மட்டுமே தரப்படுவதால் விடியற்காலைப் பேருந்தைப் பிடிக்க வேண்டும். உடன் ஒருவர் வர வேண்டும். இருவரின் கூலி இழப்பு என்று கணக்கிட வேண்டும். முதல் நாள் மருத்துவரைப் பார்த்தல், பிறிதொரு நாள் படம், மற்றொரு நாள் ஊசிச் சோதனை, பின்னர் முடிவு வாங்குதல் எனப் பயணங்கள் நான்காகவும் ஐந்தாகவும் நீளலாம். வலி இல்லாத ஒரு கட்டிக்காக இத்தனை முறை செல்ல வேண்டுமா என்ற கேள்வி வீட்டில் எழும் இடமும் இதுவே. மார்பகப் புற்றுக்கட்டி தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை என்ற செய்தி வீட்டில் உள்ள ஆண்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

உலக சுகாதார அமைப்பு 2021இல் தொடங்கிய மார்பகப் புற்றுநோய் முயற்சியில், முதன்முதலாக மருத்துவரிடம் காட்டிய நாளிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் உறுதி செய்யப்பட வேண்டும் என்பது ஓர் இலக்கு. ஆகவே பரிந்துரைக் கடிதம் பெறும்போதே எங்கு, எந்தக் கிழமையில், எந்தப் பிரிவுக்குச் செல்ல வேண்டும் என்று எழுதி வாங்குவது நன்று. படமும் மீயொலிப் பரிசோதனையும் ஊசிச் சோதனையும் ஒரே நாளில் ஒரே இடத்தில் செய்ய இயலுமா என்று கேட்பதும் தவறன்று. சில மருத்துவமனைகளில் இயலும். படங்களையும் அறிக்கைகளையும் ஒரே உறையில் பாதுகாத்து ஒவ்வொரு முறையும் எடுத்துச் செல்ல வேண்டும். காப்பீட்டுக்குக் குடும்ப அட்டையும், கிராம நிருவாக அலுவலர் வழியே பெறும் வருமானச் சான்றும் தேவைப்படுவதால், நோய் உறுதியாகும்வரை காத்திராமல் முதல் வாரத்திலேயே அவற்றுக்கு விண்ணப்பிக்கலாம்.